பந்து போன பக்கம் பார்க்காதவர்

மேடையில் அமர்ந்திருக்கும் கார்ல் ஸாபோ அவர்களே, அவருடைய பிள்ளைகளே, பாதிரியார் பிரான்ச் அவர்களே, அக்ரன் ஹாமர்ஸ் அணியின் பயிற்சியாளர்களே, மருத்துவர்களே, உட்கார இடமில்லாமல் சுவரோரமாக நிற்கும் வீரர்களே (ரப்பர் தொழிலாளர் சங்கத்து நாற்காலிகள் உங்கள் அகலத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல, பொறுத்துக்கொள்ளுங்கள்), வேலை முடிந்து அப்படியே சீருடையோடு வந்திருக்கும் என் ஊர்க்காரர்களே, மிஸ் லொரெட்டாவின் நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் மிஸ் லொரெட்டாவோடு வருடக்கணக்கில் வேலை பார்த்தவர்கள். நான் வெறும் ரசிகை. ஐந்நூற்றுப் பதினான்காம் பிரிவு, மேல் அடுக்கு, கடைசி வரிசை. இந்த விளையாட்டைப் பற்றியும் சரி, மனுஷத் தலைக்குள் என்ன இருக்கிறது என்பது பற்றியும் சரி, எனக்குத் தெரிந்ததெல்லாம் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். என் பெயர் டெஸ்ஸா க்ரம்லி.

பின்வரிசையில் சிலர் திரும்பிப் பார்த்துக்கொள்வது தெரிகிறது. ஆமாம், அந்த டெஸ்ஸாதான். அந்த வீடியோவைப் போட்டவள்தான். என்னைப் பேசச் சொன்னது மிஸ் லொரெட்டாவின் கணவர் கார்ல். என்னால் முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். "பேசறவங்க லிஸ்ட்ல உன் பேர அவதான் எழுதி வச்சிட்டுப் போயிருக்கா. சண்ட போடறதுன்னா அவகிட்டப் போடு" என்றார். அதனால் வந்திருக்கிறேன்.

லொரெட்டா ஸாபோ யார்? இருபத்தாறு வருடம் ஹாமர்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணியின் ட்ரெய்னர். கணுக்காலுக்குக் கட்டுப் போட்டவர், தோள்பட்டைக்கு ஐஸ் வைத்தவர், அறுபது பேருடைய அம்மாக்களின் போன் நம்பரையும் மனப்பாடமாக வைத்திருந்தவர். இதெல்லாம் நீங்கள் கேட்டுவிட்டீர்கள். நான் சொல்ல வந்தது அவர் எங்கே பார்த்தார் என்பதை.

ஆட்டம் நடக்கும்போது நாம் எல்லோரும் பந்தைப் பார்க்கிறோம். எழுபதாயிரம் பேர் பார்க்கிறோம். வர்ணனையாளர் பந்தைப் பார்க்கிறார். கேமரா பந்தைத் துரத்துகிறது. நடுவர் பந்தைப் பார்க்கத்தான் சம்பளமே வாங்குகிறார். மிஸ் லொரெட்டா பந்தைப் பார்க்கவில்லை. பந்து எங்கிருந்து கிளம்பியதோ அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே யார் விழுந்தான், எப்படி விழுந்தான், எந்தக் கையை ஊன்றி எழுந்தான், எழுந்தவன் நம் பக்கம் நடக்கிறானா எதிரணிப் பக்கம் நடக்கிறானா. ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போனால் கார்ல் கேட்பாராம், யார் ஜெயித்தது என்று. "ரேடியோவப் போட்டுக் கேளு, எனக்கெங்க தெரியும்" என்பாராம்.

ஆட்ட நாளில் காலை உணவு வரிசையில் ஒவ்வொருவர் தட்டையும் எட்டிப் பார்த்துக்கொண்டே நடப்பார். புதிதாக வந்தவர்கள் இந்த அம்மாவுக்கு இவ்வளவு பசியா என்று நினைத்ததுண்டு. விஷயம் வேறு. தலையில் அடிபட்ட வீரரிடம் மருத்துவர் வழக்கமாகச் சில கேள்விகள் கேட்பார். இது என்ன மாதம், எந்த ஊர், யாரோடு ஆட்டம். அந்தக் கேள்விகளுக்கான பதில்களை வீரர்கள் மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். அரை மயக்கத்தில்கூட ஒப்பித்துவிடுவார்கள். அதனால் மிஸ் லொரெட்டா தனியாக ஒரு கேள்வி வைத்திருந்தார். "காலைல என்னடா சாப்பிட்ட?" பதில் அவருக்கு முன்பே தெரியும். அதற்காகத்தான் தட்டுகளைப் பார்த்தது.

பதில் தப்பினால் ஹெல்மெட் காணாமல் போகும். இது எல்லா ஊர் ட்ரெய்னர்களும் செய்வதுதான். அடிபட்ட ஆளிடம் உட்கார் என்று சொன்னால் உட்கார மாட்டான். ஹெல்மெட் இல்லாமல் களத்தில் இறங்க முடியாது, ஆகவே ஹெல்மெட்டை ஒளித்துவிட வேண்டியது. மிஸ் லொரெட்டா அதை அழுக்குத் துண்டுக் கூடையில் போடுவார், தண்ணீர் வண்டிக்கு அடியில் தள்ளுவார். ஒரு தடவை நூற்றைம்பது கிலோ எடையுள்ள ஒருவர் ஹெல்மெட்டைத் தேடி அலைய, இவரும் கூடவே குனிந்து குனிந்து இருபது நிமிடம் தேடிக் கொடுத்தாராம். கிடைக்கவில்லையே என்று வருத்தப்பட்டாராம். அந்த ஆளும் அந்தச் சுவரோரம்தான் நிற்கிறார். கையைத் தூக்க வேண்டாம், சிரிப்பதிலேயே தெரிகிறது.

இப்போது இரண்டு வருடத்துக்கு முந்தைய அந்த ஜனவரி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நம் ஊரில் அந்த நாளைச் சொன்னாலே இன்னும் சிலருக்கு முகம் சுருங்கும்.

அரையிறுதி. நம் மைதானம். மூன்று புள்ளி பின்தங்கியிருக்கிறோம், இரண்டு நிமிடம் மிச்சம். ட்ராமெய்ன் ஹோலோவே பந்தை ஏந்திக்கொண்டு ஓடுகிறார். அந்த வருடம் அவர் ஓடியதை எல்லாம் ஒன்றாகச் சேர்த்தால் எங்கள் சந்தோஷத்தின் மொத்தக் கணக்கு அதுதான். இடுப்பில் ஒருவர் மோதினார், தலைப் பக்கம் இன்னொருவர். பந்து தெறித்து உருண்டது. களத்தில் நின்ற அத்தனை பேரும் அதன் பின்னால் பாய்ந்தார்கள். பந்து நமக்கே கிடைத்தது. மைதானம் அதிர்ந்தது. ட்ராமெய்னும் எழுந்தார், சட்டையைத் தட்டினார், நேராக நடந்து வெளியே வந்தார்.

மிஸ் லொரெட்டா அவரிடம் கேட்டார். காலையில் என்ன சாப்பிட்டாய்? பேன்கேக், என்றார் ட்ராமெய்ன். அவர் சாப்பிட்டது ஓட்ஸ் கஞ்சி, வாழைப்பழம்.

மருத்துவர் அவரைக் களத்தோரப் பரிசோதனைக் கூடாரத்துக்குள் அழைத்துப் போய்ச் சோதித்தார். மாதம் சரி, ஊர் சரி, எதிரணி சரி, ஒற்றைக் காலில் நிற்பதும் சரி. ஆடலாம் என்று அனுப்பினார். ட்ராமெய்ன் ஓடி வந்து ஹெல்மெட்டைத் தேடினார். அன்றைக்கு ஒளிப்பதற்கு நேரமில்லை. மிஸ் லொரெட்டா அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை நாடே பார்த்தது. ட்ராமெய்ன் எழுந்திருக்கச் சொல்லிக் கத்துகிறார். பயிற்சியாளர் கத்துகிறார். மருத்துவர் தலையாட்டி ஆடலாம் என்கிறார். இவர் முழங்காலைத் தடவிக்கொண்டு, "முட்டி பிடிச்சுக்கிச்சுடா, எந்திரிக்க முடியல" என்கிறார். கேமரா முகத்துக்கு நேராக. எழுந்திருக்கவே இல்லை. ட்ராமெய்னுக்குப் பதில் இறங்கியவர் எல்லைக் கோட்டுக்கு ஒரு கஜம் முன்னால் மடக்கப்பட்டார். தோற்றோம்.

எனக்கு அப்போது வயது பத்தொன்பது. அழுதுகொண்டே வீட்டுக்கு வந்து ஒரு வீடியோ செய்தேன். தலைப்பு, 'நம்ம சீசன் மேல உக்காந்த பொம்பள'. அவர் உட்காரும் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, ஒவ்வொரு தடவையும் ஒரு சத்தம் சேர்த்திருந்தேன். என்ன சத்தம் என்று இந்த மண்டபத்தில் சொல்ல முடியாது. நாற்பது லட்சம் பேர் பார்த்தார்கள். அவர் வீடு இருக்கும் தெருவை யாரோ கீழே எழுதிவிட்டார்கள். நான் அதை நீக்கவில்லை. நீக்கியிருக்கலாம். கண்ணில் பட்டது, நீக்கவில்லை. அந்த வாரம் முழுக்கக் கார்ல் தன் கராஜ் கதவில் ஆட்கள் வந்து எறிந்த முட்டைகளைக் கழுவினார்.

மறுநாள் ட்ராமெய்னுக்குக் கணினிப் பரீட்சை வைத்தார்கள். வீரர்கள் எல்லோரும் ஜூலையில், சீசனுக்கு முன்னால், எழுதும் பரீட்சைதான் அது. சில சொற்கள், சில படங்கள் காட்டுவார்கள். எத்தனை ஞாபகம் இருக்கிறது, எவ்வளவு வேகமாகப் பதில் வருகிறது என்று பார்ப்பார்கள். தலையில் அடிபட்டால் திரும்ப எழுத வைத்து, ஜூலை மதிப்பெண்ணோடு ஒப்பிடுவார்கள். குறைந்திருந்தால் மூளை அதிர்வு. ட்ராமெய்ன் ஜூலையில் வாங்கிய அதே மதிப்பெண்ணை வாங்கினார்.

முடிந்தது கதை. விசாரணை வைத்தார்கள். மருத்துவர் ஆடலாம் என்ற பிறகும் ஏன் தடுத்தீர்கள் என்று கேட்டார்கள். கீழே விழுந்து கிடந்தபோது அவன் இடது கை விறைப்பாக மேலே தூக்கி நின்றது, நான் பார்த்தேன், என்றார். வேறு யார் பார்த்தது? யாருமில்லை. அணியின் வீடியோக்களில் இருக்கிறதா? எல்லாவற்றிலும் முன்னால் ஆட்கள் மறைத்துக்கொண்டிருந்தார்கள். வேறு காரணம்? காலை உணவைத் தப்பாகச் சொன்னான். அந்த அறையில் ஒருவர் சிரித்துவிட்டாராம். முடிவு தெரியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இத்தனை வருட வேலை ஒரு பக்கம் போகட்டும். மார்ச்சில் ட்ராமெய்ன் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட இருந்தார். தலையில் ஒன்றுமில்லை என்ற சான்றிதழோடு. ஆறு வாரத்தில் மறுபடி பயிற்சி, மறுபடி மோதல். மிஸ் லொரெட்டா கவலைப்பட்டது அதற்குத்தான்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை, நான் இரண்டாவது வீடியோ செய்ய உட்கார்ந்தேன். முதலாவது ஓடிய ஓட்டத்துக்கு இரண்டாவது வேண்டுமே. ஆட்டத்தன்று என் போனை மேல் அடுக்குக் கம்பியில் கட்டி, மைதானம் முழுவதும் தெரிகிற மாதிரி நேரலை ஓடவிட்டிருந்தேன். அந்தப் பதிவைக் கால்வாசி வேகத்தில் ஓட்டினேன். 'விறைச்ச கை எங்க, காட்டுங்க பாட்டி' என்று கேலி செய்வதாகத் திட்டம்.

பந்து ஒரு பக்கம் உருள்கிறது. எல்லோரும் அந்தப் பக்கம். இந்தப் பக்கம், புல்லில், ட்ராமெய்னின் முப்பத்துநான்காம் எண் சட்டை மட்டும் தனியாக. இடது கை மேலே நிற்கிறது. விறைப்பாக, விரல்கள் விரிந்து, யாரையோ தடுப்பதுபோல. அங்கே தடுக்க யாருமில்லை. மூன்று நொடி. பிறகு கை மெல்ல இறங்கியது. மூளை குலுங்கினால் கை தானாக அப்படித் தூக்கிக்கொள்ளும் என்று நான் எங்கேயோ படித்திருக்கிறேன். பதினொரு தடவை பார்த்தேன். பால் ஊற்றி வைத்த கார்ன்ஃப்ளேக்ஸ் கூழாகிவிட்டது. என் போன் பார்த்திருக்கிறது. அந்த அம்மா பார்த்திருக்கிறார். கம்பிக்குப் பின்னால் நின்றுகொண்டு நான் பந்தைப் பார்த்திருக்கிறேன்.

அவர் வீட்டு முகவரி எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று உங்களுக்கும் தெரியும். போனேன். கதவைத் திறந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதான அந்த வீடியோப் பொண்ணு? அதுல ஒசரமாத் தெரிஞ்ச."

உள்ளேயிருந்து கார்ல், கராஜ் கதவைக் கழுவ ஆள் வந்தாச்சா என்று கேட்டார். நான் போனை நீட்டினேன். வாசலில் நின்றபடியே பார்த்தார். கை தூக்கிய இடத்தில் அவர் முகம் மாறவில்லை. அது இறங்கும் இடத்தில்தான் கண்ணை மூடிக்கொண்டார்.

இதை இன்றே போடுகிறேன், உங்கள் வேலை திரும்பக் கிடைத்துவிடும், என்றேன். எனக்கு அவசரம். மன்னிப்புக் கேட்பதைவிட வீடியோ போடுவது சுலபம்.

"என் வேலைக்காக அவன் தலைய ஊருக்குக் காட்டுவியா?" என்றார். "ஏற்கெனவே என் குண்டியக் காட்டிட்ட. அதோட நிறுத்திக்க. இது அவன் தலை. வெளிய சொல்றதா வேண்டாமான்னு அவன்தான் சொல்லணும்."

நான் விடவில்லை. நீங்கள் சொன்னது நிஜம் என்று எல்லோருக்கும் தெரிய வேண்டாமா, உங்களைத் திட்டியவர்கள் எல்லோரும் பார்க்க வேண்டாமா, என்று அரை மணி நேரம் வாதாடினேன். அவர் அடுப்படியில் புளித்த முட்டைக்கோஸ் உருண்டைகளை எண்ணெயில் போட்டுப் பொரித்துக்கொண்டே கேட்டார். கடைசியில், நம்பர் தருகிறேன், ட்ராமெய்னைக் கூப்பிடு, வந்தால் காட்டு, வராவிட்டால் அழித்துவிடு, என்றார்.

ட்ராமெய்ன் வந்தார். மூன்று வாரமாக அவர் மிஸ் லொரெட்டாவோடு பேசவில்லை. ஜாக்கெட்டைக் கழற்றாமல், சமையலறை வாசலில், ஒரு காலை வெளியே வைத்தபடி நின்றார். இவர் ஒரு தட்டை அவர் பக்கம் தள்ளினார். அவர் தொடவில்லை. நான் போனைக் கொடுத்தேன்.

ட்ராமெய்ன், மேடைக்குக் கீழே முதல் வரிசையில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். இதைச் சொல்ல நேற்று உங்களிடம் அனுமதி கேட்டேன். கொடுத்தீர்கள். இப்போது வேண்டாம் என்று தோன்றினால் கையைக் காட்டுங்கள், நிறுத்திவிடுகிறேன்.

சரி.

நான்கு தடவை பார்த்தார். "அது என் கையா?" என்று கேட்டார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"எனக்கு அந்த ஆட்டம் முழுக்க ஞாபகம் இருக்குன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன், மிஸ் லொரெட்டா. விழுந்தது, எந்திரிச்சது, எல்லாம். இப்பப் பாத்தா, நான் ஞாபகம்னு நெனச்சது எல்லாம் டிவில வந்த பக்கத்துலேர்ந்துதான் இருக்கு. என் கண்ணுலேர்ந்து ஒண்ணுமே இல்ல."

அவர் ஓர் உருண்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அப்புறம் சொன்னார், ஜூலைப் பரீட்சையைப் பற்றி. வேண்டுமென்றே தப்பாக எழுதியதைப் பற்றி. தெரிந்த சொல்லைத் தெரியாது என்று அழுத்துவது, விரலை நிதானமாக நகர்த்துவது. ஜூலையில் மதிப்பெண் குறைவாக இருந்தால், அடிபட்ட பிறகு எழுதும்போதும் அதே அளவுதான் வரும், ஒப்பிட்டால் ஒன்றும் தெரியாது.

"எல்லாருமே அப்பிடித்தான் எழுதறோம். புதுசா ஒருத்தன் வந்தா மொத வேலையா இதத்தான் சொல்லிக்குடுக்கறோம். நானே எத்தன பேருக்கு சொல்லிக்குடுத்திருக்கேன்."

"தெரியும்டா," என்றார் மிஸ் லொரெட்டா. "ஜூலைல நீ வாங்கின மார்க்க ஒரு தக்காளி வாங்கியிருக்கும். நூத்தம்பது ஆட்டத் திட்டத்த மனப்பாடமா வச்சிருக்கறவன் பன்னெண்டு வார்த்த ஞாபகம் இல்லங்கற. யார்கிட்ட போய் நிரூபிக்கறது? நீ தப்பா எழுதினேன்னு நீதான சொல்லணும்."

சொன்னால் மார்ச் ஒப்பந்தம் போய்விடும் என்றார் ட்ராமெய்ன். ஆமாம், போய்விடும் என்றார் இவர். ஆடாமல் நான் யார் என்றார். மிஸ் லொரெட்டா மேசைக்கு அந்தப் பக்கம் போய், அவருடைய இடது கையை எடுத்து, இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு நின்றார். அவ்வளவு பெரிய கையை எப்படிப் பிடித்தார் என்று தெரியவில்லை. ரொம்ப நேரம் பிடித்திருந்தார். உருண்டைகள் ஆறிப்போயின.

திங்கட்கிழமை ட்ராமெய்ன் தானே மருத்துவரிடம் போய் உண்மையைச் சொன்னார். ஒப்பந்தம் போனது. எட்டு மாதம் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று திரை போட்ட அறையில் இருந்தார். பிறகு மெல்லத் தேறினார். திரும்ப ஆட வேண்டாம் என்று அவரே முடிவு செய்தார். இப்போது தினமும் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு நடத்திக் கூட்டிப்போகிறார். வழியை அவர் மறப்பதில்லை. அது சின்ன விஷயமா? என்னைக் கேட்டால் அந்த வருடம் நாம் ஜெயித்தது அது ஒன்றுதான்.

மிஸ் லொரெட்டாவை ஒரே ஒரு வரி அறிக்கையில் திரும்ப வேலைக்கு அழைத்தார்கள். அவர் மறுநாளே போய்விட்டார். அணியைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கணுக்கால்கள் காத்திருக்கின்றன என்றார். நான் மன்னிப்பு வீடியோ ஒன்று போட்டேன். ஒன்பதாயிரம் பேர் பார்த்தார்கள். நாற்பது லட்சம் எங்கே, ஒன்பதாயிரம் எங்கே? பழையதை எடுத்துவிடட்டுமா என்று இந்த மே மாதம் அவர் படுத்திருந்த ஆஸ்பத்திரியில் கேட்டேன். குழாய்களுக்கு நடுவே யோசித்துவிட்டு, "இருக்கட்டும், அதுல நான் ஒல்லியாத் தெரியறேன்" என்றார். அன்று சாயங்காலமே எடுத்துவிட்டேன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

இதோடு முடித்தால் நன்றாக இருக்கும். ஆனால் அன்றைக்கு அவர் இன்னொன்றும் சொன்னார். போன வருட ஜூலையில் ட்ராமெய்ன் உடைமாற்றும் அறைக்கு வந்து, வீரர்கள் முன்னால் நின்று, நேர்மையாக எழுதுங்கள் என்று கெஞ்சினாரே, அதற்குப் பிறகு வந்த மதிப்பெண்கள். "எல்லாரும் அழுதாங்க," என்றார். "அழுதுட்டுப் போய் அதே தக்காளி மார்க்கத்தான் எழுதினாங்க."

சுவரோரம் நிற்பவர்களே, உங்களை அவமானப்படுத்த இதைச் சொல்லவில்லை. நீங்கள் ஏன் அப்படி எழுதுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு ஆட்டம் வெளியே உட்கார்ந்தால் உங்கள் இடத்தில் இன்னொருவன் வருவான். அதைவிட, மேல் அடுக்கிலிருந்து நாங்கள் கத்துவோம். பொய்யை அழுத்தியது உங்கள் விரல். அழுத்த வைத்ததில் பாதி எங்கள் தொண்டை. அதில் என் தொண்டை கொஞ்சம் பெரியது.

ஆகவே முதலில் எங்கள் பங்கு. ஐந்நூற்றுப் பதினான்காம் பிரிவின் சார்பில் சொல்கிறேன். அந்த அதிகாரத்தை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொள்கிறேன். தலை சரியில்லை என்று வெளியே வந்து உட்காரும் ஒருவரைப் பார்த்து, அது இறுதிப்போட்டியின் கடைசி நிமிடமாக இருந்தாலும், எங்கள் பிரிவிலிருந்து ஒரு சத்தம் வராது. பக்கத்துப் பிரிவிலிருந்து வந்தால் அங்கே போய் உட்கார்ந்து வாயடைப்போம். அக்ரன் மக்களே, உங்கள் பிரிவுகளுக்கு நீங்கள் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் பங்கு. இங்கே பூ வைத்தீர்கள், அழுதீர்கள், அவருக்கு அதெல்லாம் பிடிக்கும். ஆனால் அவர் கடைசிவரை காத்திருந்தது உங்களுடைய நிஜமான மதிப்பெண்ணுக்கு. உங்கள் தலைக்குள் எவ்வளவு இருக்கிறது என்பது உங்களுக்கு மட்டுமாவது தெரிய வேண்டும் என்றுதான் அவர் விரும்பினார். அவர் இனி அதைப் பார்க்க மாட்டார். புது ட்ரெய்னர் பார்ப்பார். தெரிந்த சொல்லைத் தெரியும் என்று அழுத்துங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு இந்த வருட ஜூலைப் பரீட்சை. நன்றாகத் தூங்கிவிட்டுப் போங்கள்.